கருவிழிக்குள் பூஞ்சையைத் தேடும் ஒளி

அறுவடை முடிகிற தை, மாசி மாதங்களில் எங்கள் கருவிழிப் பிரிவின் புறநோயாளிகள் வரிசை நீண்டுவிடும். நெல் தூற்றும்போது உமி பட்டது, கரும்புத் தோகை கண்ணில் அடித்தது, கறவை மாடு வாலைச் சுழற்றியது என்று ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வருவார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்தவர்களில் ஐம்பத்தெட்டு வயது விவசாயி ஒருவரும் இருந்தார். பெரியவர் என்றே அவரை இங்குக் குறிப்பிடுகிறேன்.

கதிர் அடிக்கும்போது வலது கண்ணில் உமி பட்டுப் பன்னிரண்டு நாள்கள் ஆகியிருந்தன. முதல் நாள் வீட்டில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார்கள். சிவப்பு குறைந்தது, இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு வலி கூடியது. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்களிடம் வந்தபோது புண் நான்கு மில்லிமீட்டர் அகலம் இருந்தது. அவர் மகன் நினைவாகக் கொண்டுவந்திருந்த குப்பியைப் பார்த்தேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் கண்ணின் எதிர்ப்பு அடங்கிச் சிவப்பு குறையும். அந்த நேரத்தில் பூஞ்சை தடையின்றி உள்ளே இறங்கும்.

கண்ணை மரக்கவைத்துப் புண்ணின் மேற்பகுதியைச் சுரண்டி ஆய்வகத்திற்கு அனுப்பினோம். அன்று மாலை வந்த முடிவில் பூஞ்சை எதுவும் தென்படவில்லை. மறுநாள் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தபோது, புண்ணின் அடியில், கருவிழியின் நடுப்பகுதி வரை, வெள்ளை இழைகள் பின்னிக் கிடந்தன. உடனே பூஞ்சைக்கான மருந்தைத் தொடங்கினோம். அதோடு, ஆழமாக இன்னொரு முறை சுரண்டி எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

“மெஷின்லயே பூஞ்சைன்னு தெரிஞ்சுடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு அப்பா கண்ணை மறுபடியும் சுரண்டணும்?” என்று மகன் கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று வாசலில் கூட்டம் இருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவர் கேட்டதற்கும், அந்தக் கருவியைப் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் முழுப் பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

பனிமூட்டத்தில் முன்விளக்கு

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போல வளைந்து நிற்கும் தெளிவான திசு. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டருக்குள் ஐந்தாறு செல் அடுக்குகளாலான மேற்படலம், அதன் கீழே கொலாஜன் இழைகள் சீராக அடுக்கப்பட்ட தடித்த நடுப்பகுதி, கடைசியில் ஒரே ஒரு செல் வரிசையாக உட்படலம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. உட்படலச் செல்கள் அழிந்தால் நம் உடல் புதியவற்றை உண்டாக்கித் தருவதில்லை. நோய் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதில் நாங்கள் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாடையை வைத்துப் பார்க்கும் வழக்கமான ஸ்லிட் லேம்ப் கருவியில் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் தனித்தனிச் செல்லையோ பூஞ்சை இழையையோ அதில் காண முடியாது. நுண்ணோக்கியின் பெருக்கத்தைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. மலைப்பாதையில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்விளக்கை எவ்வளவு பிரகாசமாக வைத்தாலும் எதிரே வெள்ளைத் திரைதான் தெரியும். விளக்கொளி ஒவ்வொரு பனித்துளியிலும் பட்டுத் திரும்பி, நாம் பார்க்க விரும்பும் வளைவுக் கல்லிலிருந்து வரும் ஒளியை மூழ்கடித்துவிடுகிறது. தடித்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் நடப்பது அதுவே. நாம் பார்க்கும் அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளிலிருந்து வரும் ஒளி படத்தை மங்கலாக்கிவிடுகிறது. அதனால்தான் பரிசோதனைக் கூடங்களில் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்க்கிறார்கள். உயிரோடிருக்கும் ஒருவரின் கண்ணை அப்படிச் சீவ முடியாது.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் மார்வின் மின்ஸ்கி. பிற்காலத்தில் செயற்கை அறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவராக உலகம் அறிந்த அவர், 1950களின் நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதைப் பார்க்க விரும்பினார். நெருக்கமாகப் பின்னிக் கிடந்த மூளைத் திசுவில் சிதறும் ஒளி அவருக்குத் தடையாயிற்று. அவர் கண்ட வழி எளிமையானது. திசு முழுவதையும் ஒரே நேரத்தில் வெளிச்சமாக்காமல், ஒரு புள்ளியில் மட்டும் ஒளியைக் குவிக்க வேண்டும். திரும்பி வரும் ஒளியின் பாதையில் ஊசித்துளை உள்ள ஒரு தடுப்பை வைக்க வேண்டும். குவிந்த புள்ளியிலிருந்து வரும் ஒளி அந்தத் துளையில் சரியாகக் கூடி உள்ளே நுழையும். மேல் அடுக்கிலிருந்தும் கீழ் அடுக்கிலிருந்தும் வரும் ஒளி துளைக்கு முன்போ பின்போ கூடுவதால் விரிந்துபோய்த் தடுப்பில் மோதி நின்றுவிடும். இப்படி ஒரு புள்ளியைப் பார்த்த பிறகு அடுத்த புள்ளி, அதன் பிறகு அடுத்தது என்று வரி வரியாக நகர்ந்தால் ஓர் அடுக்கின் முழுப்படம் கிடைத்துவிடும்.

1957இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1961இல் அது கிடைத்தது. அவர் கருவியை அமைத்த காலத்தில் லேசரே கண்டுபிடிக்கப்படவில்லை. படத்தைச் சேர்த்து அமைக்கத் தக்க கணினியும் இல்லை. 1980களின் பிற்பகுதியில்தான் லேசர் கான்ஃபோகல் நுண்ணோக்கிகள் ஆய்வுக்கூடங்களில் பரவலாகின. மருத்துவத்தில் நல்ல யோசனைகள் பல இப்படித்தான் துணைக் கருவிகளுக்காகக் காத்துக் கிடக்கின்றன.

கண்ணின் மீது அதை வைக்கும்போது

பெரியவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் கண் மரத்துப்போவதற்கான சொட்டு மருந்து. பிறகு தாடையையும் நெற்றியையும் சட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியின் முனையில் புதிய பிளாஸ்டிக் மூடி ஒன்றைப் பொருத்தி, இடையில் ஜெல் தடவி, கருவிழியை மெல்லத் தொடுமாறு வைப்போம். தொடுவது தெரியும், வலிக்காது. மற்றக் கண்ணால் ஒரு சிறு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

உள்ளே செல்வது 670 நானோமீட்டர் அலைநீளமுள்ள மங்கிய சிவப்பு லேசர் ஒளி. ஒவ்வொரு படத்திலும் 384 வரிகள், வரிக்கு 384 புள்ளிகள், ஆக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் புள்ளிகள் இருக்கும். ஒரு படத்தை எடுக்க ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் போதும். இவ்வளவு விரைவு தேவைப்படுகிறது. ஏனென்றால் நீங்கள் அசையாமல் இருந்தாலும் உங்கள் மூச்சும் இதயத் துடிப்பும் கண்ணை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு படம் காட்டும் பரப்பு, ஒரு மில்லிமீட்டரின் பத்தில் நான்கு பங்கு அகலமுள்ள சதுரம் மட்டுமே. நான்கு மில்லிமீட்டர் புண்ணை இந்தச் சிறிய சன்னல் வழியே துழாவ வேண்டியிருப்பதால், கருவியை இயக்குபவரின் பொறுமையும் பழக்கமும் மிக முக்கியம்.

ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப் பூஞ்சைகள் சாம்பல் நிறப் பின்னணியில் வெண்மையான, கிளைவிட்ட இழைகளாகத் தெரியும். குளத்து நீரிலோ குழாய் நீரிலோ காண்டாக்ட் லென்சைக் கழுவுபவர்களுக்கு வரக்கூடிய அகாந்தமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரி பளிச்சென்ற வட்டங்களாகத் தெரியும். பாக்டீரியாக்கள் மிகச் சிறியவை. அவற்றை இந்தக் கருவி காட்டாது. வைரஸ்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். புண் மிக மெலிந்து, கருவிழி ஓட்டை விழும் நிலையில் இருந்தால் கருவியைக் கண்ணின் மேல் வைப்பதே ஆபத்து; அப்போது இந்தச் சோதனையைச் செய்வதில்லை.

கருவி எவ்வளவு நம்பகமானது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், கடுமையான கருவிழிப் புண்ணுடன் வந்த 239 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஆய்வகச் சோதனைகளில் பூஞ்சை உறுதியானவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினரிடம் கான்ஃபோகல் நுண்ணோக்கியும் பூஞ்சையைக் கண்டது. பூஞ்சை இல்லாதவர்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினரை இல்லை என்று சரியாகச் சொன்னது. நல்ல எண்கள்தாம். ஆனால் நூறு பூஞ்சைப் புண்களில் பதினான்கை அது தவறவிடுகிறது என்பதும், பூஞ்சை இல்லாத நூறு பேரில் பத்தொன்பது பேரிடம் இருப்பதாகச் சொல்லிவிடுகிறது என்பதும் அதே எண்களில்தான் இருக்கின்றன. காரணம் புரியக்கூடியதே. கருவிழியில் நரம்புகள் உண்டு. அவையும் வெண்மையான மெல்லிய இழைகளாகத் தெரியும். வீங்கிய திசுவில் நரம்பு எது, பூஞ்சை எது என்று பிரிப்பதில் பழகிய கண்களும் தடுமாறுவதுண்டு. நானும் தடுமாறியிருக்கிறேன்.

ஒளிரும் சாயங்கள்

சுரண்டி எடுத்தது ஆய்வகத்தில் என்ன ஆகிறது என்பதைச் சொல்வதற்கு முன், உங்களில் பலர் ஏற்கனவே பார்த்திருக்கும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். கண்ணில் தூசி விழுந்தது என்று வருபவரின் இமையை இழுத்து, ஆரஞ்சு நிறத்தில் நனைத்த சிறிய காகிதப் பட்டையைத் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்ப்போம். கீறல் உள்ள இடம் மட்டும் பச்சையாகப் பளபளக்கும். அந்தச் சாயத்தின் பெயர் ஃபுளோரசீன். ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் 1871இல் அதை உருவாக்கினார். நீல ஒளியை வாங்கிக்கொண்டு, அதன் ஆற்றலில் சிறிதை இழந்து, மீதியைப் பச்சை ஒளியாக உடனே திருப்பித் தருவது அதன் இயல்பு. இதற்கு உடனொளிர்வு என்று பெயர். வடிகட்டி ஒன்றை வைத்து நீல ஒளியை நீக்கிவிட்டால், சாயம் தங்கிய இடம் மட்டுமே இருட்டில் மின்மினி போலத் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கை நரம்பில் இதே சாயத்தை ஏற்றி விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கிறோம். மறுநாள் வரை சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று பதறி அழைப்பவர்கள் உண்டு. பதற வேண்டாம், அது இந்தச் சாயம்தான்.

உடனொளிர்வும் ஊசித்துளையும் சேர்ந்தபோதுதான் கான்ஃபோகல் நுண்ணோக்கி உயிரியல் ஆய்வுக்கூடங்களில் இன்றைய இடத்தைப் பிடித்தது. செல்லின் உட்கரு நீலமாகவும், ஒரு குறிப்பிட்ட புரதம் பச்சையாகவும், இன்னொன்று சிவப்பாகவும் ஒளிருமாறு சாயமேற்றி, அடுக்கடுக்காகப் படமெடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முப்பரிமாண உருவம் கிடைத்துவிடும். கண்ணின் மீது நாங்கள் வைக்கும் கருவியில் இந்த வண்ணங்கள் இல்லை. திசுவில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் அது பார்க்கிறது. அதனால் வடிவத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. மகன் கேட்ட கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இதுதான்.

சுரண்டிய துணுக்கில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்ப்பார்கள். கால்கோஃப்ளூர் ஒயிட் என்ற சாயமும் சேர்ப்பதுண்டு. பூஞ்சையின் செல் சுவரிலுள்ள கைட்டினில் ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளியில் அது நீல வெண்மையாக ஒளிரும். துணியையும் காகிதத்தையும் வெளுப்பாகக் காட்டுவதற்காகப் பயன்பட்ட பொருள் அது. சலவைக்குப் பின் வெள்ளை வேட்டி பளிச்சென்று தெரிவதற்கும் இதே போன்ற உடனொளிரும் பொருள்கள்தாம் காரணம். இன்னொரு பகுதியை வளர்ப்புத் தட்டில் இடுவார்கள். சில நாள்கள் கழித்து எந்தப் பூஞ்சை என்பது அதில் தெரியும். கருவியின் கண்ணுக்கு அகப்படாத பாக்டீரியா உடன் இருந்தால் அதுவும் தெரியும்.

பெயர் தெரிவதால் என்ன பயன்? மருந்து மாறும். அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகள் பங்கேற்ற ஒப்பாய்வு ஒன்று 2013இல் வெளியானது. நேட்டமைசின் சொட்டு மருந்து, அதைவிடப் புதியதான வோரிகோனசோல் சொட்டு மருந்தைக் காட்டிலும் நல்ல பலன் தந்தது என்றும், குறிப்பாக ஃபியூசேரியம் பூஞ்சையில் அந்த வேறுபாடு பெரிது என்றும் அது காட்டியது. பழைய மருந்து என்பதால் அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் நேட்டமைசினுக்கு ஒரு குறை உண்டு. அது கருவிழியின் ஆழத்திற்குள் எளிதில் ஊடுருவாது. எனவே புண்ணின் மேல் தேங்கிய அழுகலைச் சுரண்டி அகற்றுவது மருந்துக்கு வழி திறந்துவிடுவதாகவும் ஆகிறது. சோதனைக்கு என்று நாங்கள் செய்வதில் பாதி சிகிச்சையும்கூட.

பெரியவருக்கு இரண்டாம் முறை எடுத்ததில் ஃபியூசேரியம் வளர்ந்தது.

ஊசித்துளை தேவைப்படாத நுண்ணோக்கி

இனிச் சொல்லப்போவது எங்கள் மருத்துவமனையில் இல்லை. எனினும் இணையத்தில் படித்துவிட்டு, அது எப்போது வரும் என்று கேட்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

1931இல் மரியா கெப்பர்ட் மேயர் என்ற இளம் இயற்பியலாளர், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தாம் எழுதிய முனைவர் ஆய்வை வெளியிட்டார். ஒளித்துகளான ஃபோட்டான் ஒன்று தரும் ஆற்றலை, அதில் பாதி ஆற்றலுள்ள இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தும் ஒரு மூலக்கூறுக்குத் தர முடியும் என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் அணுக்கரு பற்றிய வேறொரு பணிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்ன இந்த இரட்டைச் சேர்க்கை அவ்வளவு அரிதானது. நல்ல வெயிலில் வைத்த ரோடமின் சாய மூலக்கூறு ஒன்று நொடிக்கு ஒரு முறை ஒற்றை ஃபோட்டானை விழுங்கும் என்றால், இரண்டை ஒன்றாக விழுங்க ஒரு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் வருவது ஒரு ஃபெம்டோ நொடி. நூறு ஃபெம்டோ நொடி அளவே நீடிக்கும் துடிப்புகளாக ஒளியை நெருக்கி அனுப்பும் லேசர்கள் வந்தபின் அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. 1990இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகிய மூவரும் இதைக் கொண்டு ஒரு நுண்ணோக்கியை உருவாக்கிக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் செல்கிறது. ஃபோட்டான்கள் மிக நெருங்கிக் குவியும் ஒரே புள்ளியில் மட்டும் இரட்டைச் சேர்க்கை நடந்து, அந்த இடம் மட்டும் ஒளிர்கிறது. மேலும் கீழும் எதுவும் ஒளிர்வதில்லை. ஆகவே வேண்டாத ஒளியைத் தடுக்க ஊசித்துளையும் வேண்டியதில்லை. அகச்சிவப்பு ஒளி குறைவாகச் சிதறுவதால் கலங்கிய திசுவிலும் ஆழமாகச் செல்லும். மின்ஸ்கி காண விரும்பிய மூளை நரம்புகளை, உயிருள்ள எலிகளின் மூளைக்குள் இன்று இவ்வழியில் காண்கிறார்கள்.

கருவிழி மருத்துவராக என்னை ஈர்ப்பது இதன் இன்னொரு திறன். செல்களில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் சாயம் ஏற்றாமலே இந்த ஒளியில் ஒளிர்கின்றன. கொலாஜன் இழைகளோ, உள்ளே வரும் ஒளியின் அலைநீளத்தைச் சரிபாதியாக்கித் திருப்பி அனுப்புகின்றன. கருவிழியின் பெரும்பகுதி கொலாஜன் என்பதால், தழும்பில் இழைகள் எங்கே ஒழுங்கு குலைந்திருக்கின்றன என்பதை வெட்டாமல், சாயமேற்றாமல் காண வழியிருக்கிறது. கண் வங்கிகளில் பெற்ற கருவிழிகளில் இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் உயிருள்ள கண்ணில் கருவிழியைக் கடந்த ஒளி விழித்திரையைச் சென்றடையும். கண்ணாடியை விடுவிப்பதற்கான லேசர் சிகிச்சையில் கருவிழியின் மேலடுக்கை வெட்டப் பயன்படுவதும் ஃபெம்டோ நொடி லேசர்தான். ஆற்றலைக் கூட்டினால் அது கத்தி. பார்ப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையிலுள்ள அளவை ஒவ்வொரு கண்ணுக்கும் பாதுகாப்பாக வரையறுக்கும் வரை, பொறுத்திருப்பதே சரி என்பது என் கருத்து.

அதுவரை, கண்ணில் உமியோ இலையோ பட்டால் சுத்தமான நீரில் கழுவிவிட்டு அன்றே ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய், தாய்ப்பால், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். ஏற்கனவே விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், குப்பியைக் கொண்டுவாருங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். நேட்டமைசின் கொடுத்திருந்தால் குப்பியைக் குலுக்கிவிட்டு விடுங்கள். அது பால் போல இருக்கும். புண்ணின் மேல் வெள்ளையாகப் படியும். புண் பெரிதாகிவிட்டதென்று அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

பெரியவரின் மகன் இரவும் பகலும் மணிக்கொருமுறை மருந்து விட்டார். பின்னர் இடைவெளியைக் கூட்டினோம். புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. நடுவில் தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணால் விரல்களை எண்ணுகிறார், முகம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. கருவிழி மாற்று அறுவை செய்வதா என்று அடுத்த ஆண்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம்.

ஆறாம் மாதம் வந்தபோது மறுபடியும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பின்னிக் கிடந்த இழைகள் எதுவும் இப்போது இல்லை. தழும்பின் ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. பெரியவர் நல்ல கண்ணால் உற்றுப் பார்த்து, விரலை அதன் மேல் வைத்தார்.

“இது இன்னும் இருக்கே, ஐயா?”

“அது பூஞ்சை இல்லீங்க. உங்க நரம்பு. திரும்ப வளந்துக்கிட்டு வருது.”